தெளிந்த நீரும் சோதித்த நீரும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு வீட்டில் ஒரு மீன்தொட்டி வாங்கிக் கொடுக்கலாமா, ஐயா?" என்பதே அது. "தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால், தொட்டி வாங்கும் நாளில் மீன் வாங்காதீர்கள்" என்பேன். கேட்டவர் வியப்போடு பார்ப்பார். அந்த விடைக்குப் பின்னால் ஏறத்தாழ 170 ஆண்டுகால அறிவியல் வரலாறு இருக்கிறது. என் வகுப்பறையில் நான் இழைத்த தவறு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

வகுப்பறையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வகுப்பின் அறிவியல் மூலைக்குப் பெற்றோர் ஒருவர் 60 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். குழாய் நீரை ஒரு நாள் முழுதும் வாளிகளில் வைத்திருந்து, குளோரின் அகன்றிருக்கும் என்ற நம்பிக்கையில் தொட்டியை நிரப்பினோம். அன்றே பன்னிரண்டு தங்கமீன்களை விட்டோம். மாணவர்களின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. நாளுக்கு ஒருவர் உணவிட வேண்டும் என்று பெயர்ப்பட்டியல் எழுதி ஒட்டினேன்.

முதல் வாரம் எந்தக் குறையுமில்லை. எட்டாம் நாள் மீன்கள் நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்பதாம் நாள் காலையில் பதினொன்று மிதந்தன. முந்திய நாள் உணவிடும் முறை ஆண்டு நான்கு மாணவன் ஒருவனுடையது. "அளவுக்கு மீறி உணவைக் கொட்டிவிட்டாயா?" என்று அனைவர் முன்னிலையிலும் அவனைக் கேட்டுவிட்டேன். அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, ஐயா?" என்று மட்டும் கேட்டான்.

தண்ணீர் உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்தது; தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரொட்டியின் எழுத்துகளைக்கூட அதனூடே படிக்க முடிந்தது. அவன் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அதைத் தேடிப் போன இடத்தில்தான் இந்த வரலாறு கிடைத்தது.

தண்ணீர்மலை தந்த நம்பிக்கை

தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம்புவதற்குப் பினாங்குத் தமிழர்களாகிய நமக்குத் தனிக் காரணம் உண்டு. நகரத்தின் புகழ்பெற்ற முருகன் கோயிலும் தாவரவியல் பூங்காவின் அருவியும் அமைந்த பகுதியை நாம் 'தண்ணீர்மலை' என்றே அழைக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலைநீர் செங்கற் கால்வாய் வழியாக ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவரப்பட்டது. குழாய் எட்டாத இடங்களுக்கு மாட்டுவண்டிகள் நீர் சுமந்தன. பர்மா சாலையை ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் இன்றும் 'தண்ணீர்வண்டிச் சாலை' என்னும் பொருள்படும் பெயரால்தான் குறிப்பிடுகின்றனர்.

நகரம் வளர வளர நீர்த்தேவையும் வளர்ந்தது. 1884-இல் சார்லஸ் கர்ட்டிசின் பொறுப்பில் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவே, 1910-இல் நீர்த்தேக்கத் திட்டம் ஒன்றுக்காக நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்திட்டம் கைவிடப்பட்டு 1912-இல் பூங்கா மீண்டது. அருவியடியில் இருந்த முருகன் கோயிலும் நீர்ப்பணிகளின் பொருட்டு இடம்பெயர்ந்து 1915-இல் குன்றின்மேல் அமைந்தது. பின்னர் 1929-இல் கில்லமார்ட் நீர்த்தேக்கமும், 1962-இல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999-இல் தெலுக் பஹாங் அணையும் வந்தன. இன்றோ நம் மாநிலத்தின் குழாய் நீரில் பெரும்பகுதி மலையருவி நீரன்று. அது மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, பெருநிலத்தில் உள்ள சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டுத் தீவுக்கு வருகிறது.

'ஆயர் ஈத்தாம்' என்றால் மலாய் மொழியில் 'கருநீர்' என்று பொருள். ஆக, ஒரே தீவில் ஓரிடத்து நீரை அருவியால் அறிந்தோம். மற்றோரிடத்து நீரை நிறத்தால் அறிந்தோம். எதையும் கண்ணால்தான் அறிந்தோம். ஆனால், குழாய் நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1905-இல் தொடர்ந்து குளோரின் இடத் தொடங்கினார்கள். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் அம்முறையைப் பின்பற்றியது. அதன்பின் உலகெங்கும் பரவிய அம்முறை கோடிக்கணக்கான உயிர்களை வாந்திபேதியிலிருந்தும் குடற்காய்ச்சலிலிருந்தும் காத்தது. மனிதனைக் காக்கும் அதே குளோரின் மீனின் செவுளை அரிக்கும். நமக்கு நல்ல நீர் மீனுக்கும் நல்ல நீராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எனினும், என் தொட்டியில் மீன்களைக் கொன்றது குளோரின் என்று சொல்வதற்கில்லை. குளோரின் கொல்வதாயின் முதல் நாளே கொன்றிருக்கும். ஒன்பதாம் நாள் வரை காத்திருந்த அந்தக் கொலையாளி யார்?

லண்டன் வேதியியலாளரின் தொட்டி

வீட்டுக்குள் நீர்த்தொட்டி வைத்து உயிர் வளர்க்கும் கலைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் வேதியியற் கழகம் 1841-இல் தோன்றக் காரணமாக இருந்தவர். அவர் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வேலம்பாசி என நாம் அழைக்கும் வகையைச் சேர்ந்த நீர்ச்செடிகளையும் இட்டார். செடிகளின் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. அவற்றைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. செடி உயிர்வளி தருகிறது, மீன் கரிவளி தருகிறது, நத்தை கழிவை அகற்றுகிறது; ஆகவே தொட்டி சமநிலை பெறுகிறது என்று 1850-இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்குவாரியம்' என்ற சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. மீன்தொட்டி மோகம் இங்கிலாந்தைப் பற்றிக்கொண்டது. பல வீடுகளில் மீன்கள் மடிந்தன. தொட்டிகள் பரணுக்குப் போயின.

வாரிங்டனின் கணக்கில் உயிர்வளி இருந்தது, கரிவளி இருந்தது. மீன் தன் செவுள் வழியாக நீரில் கலக்கும் அம்மோனியா எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

இருபது நாள் காத்திருப்பு

அந்தக் கேள்விக்கான விடை மீன்தொட்டியிலிருந்து வரவில்லை; சாக்கடை நீரிலிருந்து வந்தது. 1877-இல் ஸ்லோசிங், மூண்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகக் கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக இறங்கச் செய்தார்கள். உள்ளே சென்ற அம்மோனியா ஏறத்தாழ 20 நாள் வரை அப்படியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட்டு தோன்றியது, அம்மோனியா மறைந்தது. இது வெறும் வேதிவினையானால் முதல் நாளே நிகழ்ந்திருக்க வேண்டுமன்றோ? குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. ஆவியை அகற்றித் தோட்டமண் கலந்த நீரைச் சிறிது ஊற்றினார்கள். மாற்றம் மீண்டும் தொடங்கியது. மயக்க மருந்தால் நிற்பதும் மண்ணால் மீள்வதும் உயிரின் இயல்பு. அம்மோனியாவை மாற்றுவது நுண்ணுயிர் என்று உறுதியாயிற்று.

இந்த இடத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நுண்ணுயிர்கள் பெருகி வேலையைத் தொடங்க அவர்களின் குழாய்க்கே 20 நாள் தேவைப்பட்டது. நானோ புதுத் தொட்டிக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

தந்தையின் தொட்டி, மகனின் விடை

அந்தப் பிரெஞ்சு ஆய்வைக் கையிலெடுத்து மேலே கொண்டு சென்றவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் ரொத்தாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த ராபர்ட் வாரிங்டன். பெயரைக் கவனியுங்கள். இவர், தங்கமீன் தொட்டி வைத்த அந்த வாரிங்டனின் மகன்! இந்த மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்கிறது என்று மகன் வாரிங்டன் கண்டார். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. ஆயினும், அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1890-இல் சூரிச்சில் இருந்த ரஷ்ய அறிஞர் செர்கேய் விநோகிராட்ஸ்கி அதைச் செய்து காட்டினார்.

தந்தை தொட்டியில் விட்டுச் சென்ற கேள்விக்கு மகன் வயல் மண்ணில் விடை கண்டார் என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

கதை அதோடு முடியவுமில்லை. மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது, பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்த நைட்ரோபேக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். 2015-இல் இரண்டு படிகளையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் சில, மீன்வளர்ப்பு நீர்ச்சுழற்சி அமைப்பின் வடிகட்டியிலிருந்து கிடைத்தவை. நாம் கற்பிக்கும் பாடமும் சோதனைக்கு உட்பட்டதே என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

சென்னைக் கடற்கரையும் கோப்பன்ஹேகனும்

1909-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. சென்னை அரும்பொருளகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான கடல்மீன் காட்சியகம், அவ்வாண்டு அக்டோபரில் மெரினா கடற்கரையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் தோன்றிய முதல் மீன்காட்சியகமாக அது போற்றப்படுகிறது. அதே ஆண்டில், கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்பார் நீரின் அமிலத்தன்மையை ஒரே எண்ணால் குறிக்கும் பிஎச் அளவுகோலை அறிமுகப்படுத்தினார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அந்த இரண்டும் இன்று ஒவ்வொரு வீட்டு மீன்தொட்டியின் அருகிலும் சந்தித்துக்கொள்கின்றன.

நம் பினாங்கும் இவ்வரலாற்றுக்கு அயலானதன்று. 1957-இல் குளுகோரில் மீன்வள ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அது இப்போது பத்து மாவுங்கில் இயங்குகிறது. மென்னீரையும் தூய நீரையும் விரும்பும் டிஸ்கஸ் மீன்களை வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் பண்ணைகளாலும் இத்தீவு பெயர் பெற்றது.

சிறு புட்டிகளுக்குள் பெரிய வரலாறு

மீன்கடைகளில் விற்கும் நீர்ச்சோதனைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அம்மோனியா இருந்தால் நீர் பச்சையாகும் சோதனை, 1859-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ கண்ட நிறமாற்றத்தின் வழிவந்தது. நைட்ரைட்டு இருந்தால் இளஞ்சிவப்பாகும் சோதனை, பீட்டர் கிரீஸ் 1879-இல் வெளியிட்டது. கிரீஸ் இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையின் வேதியியலாளர். சோரன்சனின் ஆய்வகமும் ஒரு பீர் ஆலையினுடையதே. பீர் தொழிலுக்கு நீரின் தன்மை உயிர்நாடி. அதனால் பிறந்த அறிவு இன்று நம் பிள்ளைகளின் மீன்களைக் காக்கிறது! மூன்றாவது ஒரு வகையும் உண்டு. 1856-இல் நெஸ்லர் கண்ட, அம்மோனியாவுக்கு மஞ்சளாகும் கரைசல் அது. அதில் பாதரசம் உண்டு. பள்ளிக்கும் வீட்டிற்கும் அது வேண்டவே வேண்டா. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

எண்களைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் ஒன்றே கொடிய நஞ்சு. நம் நாட்டு வெப்பநிலையான 28 பாகை செல்சியசில், பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.7 விழுக்காடுதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 6 விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே, அம்மோனியாவையும் பிஎச் அளவையும் சேர்த்தே படிக்க வேண்டும். நைட்ரைட்டோ மீனின் குருதியில் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். நீரில் உயிர்வளி நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறும். எட்டாம் நாள் என் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்த காட்சி அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மோனியாவோ நைட்ரைட்டோ, அல்லது இரண்டுமோ அவற்றைத் திணறடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மீன்களின் கழிவை மாற்றுவதற்கு அந்தப் புதுத் தொட்டியில் நுண்ணுயிர் ஏதும் வளர்ந்திருக்கவில்லை. ஒரு சிறுவன் கூடுதலாக இட்ட ஒரு சிட்டிகை உணவு அங்கே ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாம் முயற்சி

அந்த மாணவனை வகுப்பின் முன் அழைத்தேன். "தவறு உன்னுடையது அன்று, என்னுடையது. சோதிக்காமல் உன்னைக் குற்றம் சொன்னேன். என்னை மன்னித்துவிடு" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. அவன் சற்று நேரம் நின்றுவிட்டு, "அப்படியென்றால் இப்போது சோதிக்கலாமா, ஐயா?" என்றான்.

தப்பிப் பிழைத்த ஒற்றை மீனை நண்பர் ஒருவரின் பழைய தொட்டியில் விட்டுவிட்டு, எங்கள் தொட்டியை மீனின்றியே மீண்டும் தொடங்கினோம். நீரில் குளோரின் நீக்கி இட்டோம். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் போட்டோம். அது அழுகி அம்மோனியா தரும். அட்டவணை எழுதும் பொறுப்பு அந்த மாணவனுக்கு. சனி, ஞாயிறுக்கு மட்டும் கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

4-ஆம் நாள் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா. 10-ஆம் நாள் 2 மில்லிகிராம். அன்றுதான் நைட்ரைட்டுப் புட்டியில் முதன்முதலாக இளஞ்சிவப்பு தெரிந்தது. 16-ஆம் நாள் அம்மோனியா அரை மில்லிகிராமாக இறங்கியது. நைட்ரைட்டோ வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்தை எட்டியது. 22-ஆம் நாள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. பிஎச் பார்த்தோம்: 6.2. அம்மோனியாவை மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகிறது. கருங்கல் மலைகளிலிருந்து வரும் மென்னீரில் அதைத் தாங்கும் சுண்ணாம்பு குறைவு. அமிலம் மிகுந்தால் நுண்ணுயிர் சோர்ந்துபோகும். ஸ்லோசிங்கும் மூண்ட்சும் மணலோடு சுண்ணாம்புக் கல்லையும் ஏன் குழாயில் நிரப்பினார்கள் என்பது அன்று எங்களுக்கு விளங்கியது! கழுவிக் காயவைத்த சிப்பி ஓடுகளை உடைத்து ஒரு துணிப்பையில் கட்டி வடிகட்டியில் வைத்தோம். 25-ஆம் நாள் பிஎச் 6.8. 33-ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அம்மோனியா சுழி, நைட்ரைட்டும் சுழி. நைட்ரேட்டு மட்டும் 40 மில்லிகிராம் இருந்தது. பாதி நீரை மாற்றிவிட்டு, அடுத்த திங்களன்று மூன்றே மூன்று சிறு மீன்களை விட்டோம். அவை பிழைத்தன.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

தொட்டியை முதலில் வாங்குங்கள். குளோரினை நீக்குங்கள். நீரை நிறுத்திவைத்தால் குளோரின் அகலும். ஆனால், குளோராமின் இட்ட நீராயின் அது எளிதில் அகலாது. ஆகவே நீக்கி மருந்து இடுவதே பாதுகாப்பு. நான்கு முதல் ஆறு வாரம் பிள்ளையோடு சேர்ந்து சோதித்து எழுதுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியான பின்பே மீன் வாங்குங்கள். அதுவும் இரண்டு மூன்றாக வாங்குங்கள். நண்பர் வீட்டு நலமான தொட்டியின் பழைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பிரெஞ்சு அறிஞர்கள் ஊற்றிய தோட்டமண் நீரின் வேலையை அது செய்யும். வடிகட்டியைக் குழாய் நீரில் அலசாதீர்கள். தொட்டி நீரிலேயே அலசுங்கள்.

ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்குமா என்று கேட்பார்கள். எங்கள் வகுப்பில் இருந்தது. புட்டியில் நிறம் மாறும் அந்த ஐந்து நிமிடத்திற்காக அவர்கள் ஓய்வு நேரத்தைக்கூட விட்டுக்கொடுத்தார்கள். பொறுமையின்றி நடந்துகொண்டவன் நான்தான். தொட்டியிடமும், அந்தச் சிறுவனிடமும்.

அவன் எழுதிய மணிலா அட்டை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஒரு பிள்ளையைக் குறைகூற வாய் திறக்கும் முன் சில வேளைகளில் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.